அழுதாலும் 278, நித்திர கொண்டாலும் 278

கைக்குழந்தை ஒண்டின்ட இதயத் துடிப்பு பற்றின ஒரு கேஸ் எழுதுறன், நீளமா இருக்கும், நேரம் உள்ளவங்க வாசிங்க. அஞ்சு கிழமைப் பெண் குழந்தை, திருக்கோவில் ஊர்ப் பக்கத்து ஆக்கள். அடையாளம் தெரியக்கூடாது எண்டு ஒண்டு ரெண்டு விசயத்த மாத்தி வெச்சிருக்கன், ஆனா துடிப்பு, மருந்து இலக்கங்கள்ல கை வெக்கல்ல. அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஆஸ்பத்திரி ஒண்டுல நான் குழந்தைகள் வார்ட்ல எம்.ஓ.வா (டொக்டரா) இருந்த காலம் அது. இதுல பிழை விட்டது யாரெண்டு கேட்டா முதல் ஆள் நான்தான், அதையும் சேர்த்துத்தான் எழுதுறன்.

வைகாசி மாசம். கண்ணகி அம்மன் கோயில்கள்ல கதவு திறந்து, அம்மன குளிர வெக்கிற குளிர்த்திச் சடங்குக்கு ஊரெல்லாம் ஆயத்தமாகுற நாட்கள், கச்சான் காத்து அனலா அடிச்சிட்டு இருந்திச்சு, வார்ட்ல கட்டில் காணாம ரெண்டு பிள்ளைக்கு ஒரு கட்டில். பின்னேரம் அஞ்சு மணி போல ஒரு அம்மம்மா பிள்ளைய நெஞ்சோட அணைச்சபடி வந்தாங்க, தாய் பின்னால பேக்கோட. "பால் குடிக்கிறாள் இல்ல மனே, மூண்டு நாளா" - அவ்வளவுதான் சொன்ன முறைப்பாடு.

நிறைமாசக் குழந்தை, பிறக்கக்குள்ள 3 கிலோ, இப்ப 3.9 கிலோ, பிரசவத்துல பிரச்சின ஒண்டும் இல்ல. மூண்டு நாளைக்கு முதல்ல இருந்து சிணுங்கல், ஒருக்கா சத்தி, காச்சல் இல்ல. தாய் சொன்ன ஒரு வசனத்த மட்டும் அப்பிடியே எழுதுறன், ஏனெண்டா முழு நோயும் அந்த வசனத்துக்குள்ள இருந்திச்சு: "வாயில வெச்சா ரெண்டு இழுவ இழுக்கிறாள், மறுகா விட்டுட்டு மூச்சு வாங்குறாள், நெத்தியெல்லாம் முத்து முத்தா வேர்க்குது." பால் குடிக்கிறது அந்த வயசுப் பிள்ளைக்கு மலையேறுற வேல மாதிரி. அந்த வேலைல வேர்த்துக் களைச்சா சளிய மட்டும் யோசிக்கப்படாது, இதயத்தையும் யோசிக்கோணும். இத நான் பரீட்சைல எழுதிப் பாஸ் பண்ணினவன். அண்டைக்கு யோசிக்கல்ல.

முதல் நாள் ஒரு டிஸ்பென்சரிக்கு காட்டி, சளி எண்டு மூக்குக்கு விடுற சொட்டு மருந்து குடுத்திருக்காங்க. ரெண்டாம் நாள் கண்ணூறு எண்டு பார்வை பார்த்து நூல் கட்டியிருக்கு. அதுல நான் ஆத்திரப்படுறதுக்கு ஒண்டும் இல்ல, நூல் ஒருத்தரையும் கொல்லல்ல, ஒரு நாள் போனதுதான் நட்டம். மூண்டாம் நாள் மிட்வைஃப் வீட்டுக்கு வந்து, பிள்ளைய மடியில வாங்கி, நெஞ்சுல கை வெச்சுப் பார்த்துட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லி துண்டு எழுதிக் குடுத்திருக்கா. அந்தத் துண்டு கிளினிக் கொப்பிக்குள்ள மடிச்சபடி இருந்திச்சு. நான் திறக்கல்ல. ராத்திரி பத்து மணிக்குத்தான் திறந்து பார்த்தன், "நெஞ்சுத் துடிப்பு எண்ண முடியவில்லை" எண்டு ஒரே ஒரு வரி.

நான் என்ன செஞ்சன் எண்டா, மூச்சு நிமிசத்துக்கு 68, ரெண்டு நுரையீரல்லயும் அடியில லேசா கரகர சத்தம், ஒட்சிசன் 93, அந்தக் கிழமை வார்ட்ல அதே வயசுல நாலு பிள்ளைகள் வைரஸ் சளியோட இருந்ததுகள், அதனால அஞ்சாவது எண்டு கையோட எழுதிட்டன். ஓ.பி.டி. தாள்ல துடிப்பு 140 எண்டு இருந்திச்சு, விரல்ல மாட்டுற மெசின்ல பார்த்தது. மூச்சுக் குழாய விரிக்கிற சல்பியூட்டமோல் ஆவி பிடிக்கச் சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டன். துடிப்ப என்ர ஸ்டெத்தால எண்ணிப் பார்க்கல்ல. நெஞ்சுல ஸ்டெத்த வெச்சன்தான், ஆனா மூச்சுச் சத்தத்த மட்டும் கேட்டன். காதுக்கு எது வேணும் எண்டு முதல்லயே முடிவெடுத்துட்டா மற்றது கேக்காது போல.

ஆவி பாதி போகக்குள்ள நேர்ஸ் கூப்பிட்டா.

"டொக்டர், மொனிட்டர் 278 காட்டுது."

"ப்ரோப் சரியில்ல போல, மாத்திப் பாருங்க மிஸ்."

"மாத்திட்டன் டொக்டர். நெஞ்சுல லீட் ஒட்டியும் பார்த்துட்டன். அழக்குள்ளயும் 278, இப்ப கண் அசந்துட்டாள், இப்பயும் 278."

இருவத்தஞ்சு வருசம் வார்ட்ல நிண்டவ. அவ சொன்ன அந்தக் கடைசி வசனம்தான் டயக்னோசிஸ், அதுக்குப் பிறகு நாங்க செஞ்சதெல்லாம் அத உறுதிப்படுத்தினதுதான். சாதாரணமா ஒரு பிள்ளையின்ட துடிப்பு ஒரு இடத்துல நிக்காது. அழுதா 180, 190க்கு ஏறும், பால் குடிச்சிட்டு நித்திரைக்குப் போனா 120க்கு இறங்கும், மூச்சு இழுக்க ஒண்டு விட ஒண்டு கூடிக் குறையும். காச்சல், இரத்தம் குறைவு, தண்ணி வத்துறது எதுவா இருந்தாலும் கைக்குழந்தைக்கு பெரும்பாலும் 220க்குள்ள நிக்கும், வளர்ந்த பிள்ளைக்கு 180க்குள்ள. அதத் தாண்டி, அதுவும் ஒரே இலக்கத்துல ஆணி அடிச்ச மாதிரி நிண்டா, அந்த இதயம் தன்ட வழமையான கட்டளைய கேக்குதில்ல எண்டு அர்த்தம். சுப்ராவென்ட்ரிகுலர் டக்கிகார்டியா, அதாவது இதயத்தின்ட கீழ் அறைக்கு மேல இருந்து கிளம்புற அதிவேகத் துடிப்பு, சுருக்கமா எஸ்.வி.டி.

அந்த 140க்கு பிறகுதான் விளக்கம் கிடைச்சிச்சு. 278ஐ ரெண்டால பிரிச்சுப் பாருங்க. இதயம் அவ்வளவு வேகமா அடிக்கக்குள்ள ரெத்தம் நிரம்ப நேரம் காணாது, ஒண்டு விட்டு ஒரு துடிப்பு விரலுக்கு வந்து சேராது, மெசினும் பாதியத்தான் எண்ணும். மெசின் பொய் சொல்லல்ல, அதுக்கு எட்டினத சொல்லிச்சு.

ஸ்டெத்த வெச்சன். எண்ண ஏலாது. ட்ரர்ர் எண்டு ஒரே சத்தம். அம்மம்மா பக்கத்துல நிண்டு, "கோழிக்குஞ்ச கைக்குள்ள பொத்திப் புடிச்சா எப்பிடி அடிக்கும், அப்பிடித்தானே மனே அடிக்குது? நான் முந்தாநாளே சொன்னன், ஆரும் கேக்கல்ல" எண்டாங்க. மூண்டு நாளா அந்த மனுசி பிள்ளைய நெஞ்சுல போட்டுத் தூக்கித் திரிஞ்சவங்க, அவங்கட தோலுக்கே தெரிஞ்சிருக்கு.

திரும்ப முழுசாப் பார்த்தன். வெளிறின முகம், கால் பாதம் ஐஸ் மாதிரி, நெஞ்சுத் தோல அமத்தி விட்டா நிறம் திரும்ப நாலு செக்கன், ஈரல் விலாவுக்குக் கீழ நாலு சென்ரிமீற்றர். ஈரல் அவ்வளவு வீங்கியிருந்தா இதயம் தோக்கத் தொடங்கிட்டு எண்டுதான் கணக்கு. நுரையீரல்ல கேட்ட கரகர சளியில்ல, தேங்கின தண்ணி. கைக்குழந்தை ஒரு நாள் ரெண்டு நாள் இந்த வேகத்தத் தாங்கும், அதுக்கு மேல போகப்போக இப்பிடித்தான் ஆகும், நெஞ்சு படபடக்குது எண்டு சொல்லத் தெரியாத வயசு. நல்ல காலம் பிரஷர் விழல்ல, சீனியும் சரி. ஆவிய நிப்பாட்டினன். சல்பியூட்டமோலே துடிப்ப ஏத்துற மருந்து.

இசிஜி எடுத்தம். பேப்பர் செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் ஓடும், ஒரு உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடையில எத்தின சின்னக் கட்டம் எண்டு எண்ணி 1500ஐ அதால பிரிச்சா நிமிசத் துடிப்பு. இஞ்ச அஞ்சு கட்டமும் கொஞ்சமும். கியூ.ஆர்.எஸ். (கீழ் அறை அடிக்கக்குள்ள விழுற உச்சி) ஒடுக்கம், அதுக்கு முன்னால வர வேண்டிய பி அலைய (மேல் அறையின்ட அடையாளம்) எவ்வளவு தேடியும் காணல்ல, கோடு முழுக்க சீப்புப் பல்லு மாதிரி ஒரே இடைவெளி.

பாலம்

தகப்பன் வெளிநாட்டுல, போன்ல நிண்டவர், "என்ன சேர் நடக்குது உள்ளுக்க" எண்டு கேட்டார். நான் அவருக்கு மட்டக்களப்பு வாவிக்கு மேல உள்ள கல்லடிப் பாலத்த சொல்லித்தான் விளங்கப்படுத்தினன், அதுக்குப் பிறகு எல்லாருக்கும் அதையேதான் சொல்றன்.

இதயத்துல மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் இடையில வாவி மாதிரி கரண்ட் போகாத ஒரு தடுப்பு. மேல இருந்து வார கட்டளை கீழ போக ஒரே ஒரு பாலம்தான், அது ஏ.வி. நோட். அந்தப் பாலத்துல வாகனம் கொஞ்சம் மெதுவாத்தான் போகும், அது நல்லதுக்குத்தான். சில பிள்ளைகளுக்கு கருவுல இதயம் உருவாகக்குள்ள, மறைய வேண்டிய ஒரு தசை நார் மறையாம மிஞ்சிடும், அது ரெண்டாவது பாலம். கல்லடியில 2013ல புதுப் பாலம் திறந்த பிறகும் பழசு பக்கத்துலயே நிக்குதுதானே, அப்பிடி நினைச்சுக்கங்க, ஏ.வி. நோட் புதுப் பாலம், மிஞ்சின நார் பழைய பாலம். இப்ப ஒரு கட்டளை புதுப் பாலத்தால கீழ போய், பழைய பாலத்தால மேல வந்து, திரும்ப புதுப் பாலத்தால இறங்கி, சுத்து சுத்தெண்டு சுத்தத் தொடங்கினா? ஒவ்வொரு சுத்துக்கும் இதயம் ஒருக்கா அடிக்கும். மேல இருக்கிற உண்மையான பேஸ்மேக்கர், அதாவது இயற்கையா துடிப்புக் கட்டளை பிறக்கிற இடம், என்ன கத்தினாலும் ஆருக்கும் கேக்காது. ஒரு சின்ன நேரத்துக்கு ஒரு பாலத்த மூடினாலே போதும், சுத்து அறுந்துடும். எங்கட வைத்தியம் எல்லாம் அந்த ஒரு செக்கனுக்காகத்தான்.

கைக்குழந்தைகள்ல இந்த ரெண்டு பாலக் கதைதான் கூட. வளர்ந்த பிள்ளைகள்ல ஏ.வி. நோட்டுக்குள்ளயோ அதுக்குப் பக்கத்துலயோ ரெண்டு ஒழுங்கை இருந்து சுத்துற வகையும் வரும்.

குளிர்த்தி

கன்சல்டன்ட்டுக்கு போன் எடுத்தன். "ஐஸ் போடு, கனூலா போடு, அடினோசின் ரெடி பண்ணு, நான் வாறன்." ஐஸ் எங்க? வார்ட் பிரிஜ்ஜுல இருந்தது கல்லு மாதிரி இறுகின பேக், அத வெச்சா முகத்துல பொருந்தாது, தோலும் கருகிடும். அட்டென்டன் ஓடிப்போய் வாசல்ல மீன் விக்கிறவர்ட்ட தூள் ஐஸ் ஒரு சொப்பிங் பேக் நிறைய வாங்கிட்டு வந்தார், பையில பாறை மீன் மணம். புது பேக்குக்கு மாத்தி, பாதி ஐஸ் பாதி தண்ணியா கலக்கி, மெல்லிய துணியால சுத்தி, நெத்தி, கண், மூக்குத் தண்டு மூடுற மாதிரி வெச்சம். வாயும் மூக்குத் துவாரமும் திறந்திருக்கோணும், கண்ண அமத்தப்படாது. பதினஞ்சு செக்கன், மொனிட்டரப் பார்த்துக்கொண்டு. முகத்துல திடீர் குளிர் பட்டா இதயத்த மெதுவாக்குற நரம்பு விழிக்கும், தண்ணிக்குள்ள முங்குற மிருகங்களுக்கு இருக்கிற அதே குணம், மனுசக் குழந்தைக்கும் நல்லாவே இருக்கு.

அம்மம்மா பார்த்துட்டு, "கோயில்ல அம்மனுக்கு குளிர்த்தி, இஞ்ச என்ர கிளிக்கு குளிர்த்தியா" எண்டாங்க. ஒருத்தரும் சிரிக்கல்ல, ஆனா எல்லாற்ற தோளும் கொஞ்சம் இறங்கினத நான் கண்டன்.

ரெண்டு தரம் வெச்சம். 278. அசையல்ல.

அடுத்தது அடினோசின். இது ஏ.வி. நோட்ட சில செக்கனுக்கு மூடுற மருந்து, ரெத்தத்துல பத்து செக்கனுக்குள்ள பாதிக்கு மேல அழிஞ்சிடும், அதுக்குள்ள இதயத்துக்குப் போய்ச் சேரோணும். முதல் டோஸ் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், இவளுக்கு 0.39. மருந்து வாரது மில்லிக்கு 3 மில்லிகிராம் செறிவுல, அப்பிடியே எடுத்தா 0.13 மில்லி, அது ஊசி நுனியிலயே நிண்டுடும். அதனால ஒரு மில்லி மருந்த செலைன் கலந்து பத்து மில்லியாக்கி, அதுல 1.3 மில்லி. மூண்டு வழிக் குழாய்ல ஒரு பக்கம் மருந்து, மற்றப் பக்கம் அஞ்சு மில்லி செலைன், மருந்து போன அதே மூச்சுல செலைன அடிக்கோணும். இசிஜி பேப்பர் முழு நேரமும் ஓடோணும், நிறையப் பேர் இத மறக்கிறாங்க, சுத்து அறுற அந்தக் கணத்துல விழுற கோடுதான் பிறகு எந்த வகை எண்டு சொல்லும்.

கனூலா, அதுதான் ரெத்தக் குழாய்க்குள்ள போடுற பிளாஸ்டிக் ஊசி, கிடைச்சது கால்ல. அடிச்சம். ஒண்டும் நடக்கல்ல. காலுக்கும் நெஞ்சுக்கும் இடையில மருந்து செத்துட்டு. எனக்கு கை நடுங்கத் தொடங்கினது அப்பதான், உண்மைய சொன்னா. இதுக்கிடையில டிபிப்ரிலேட்டரும் (ஷொக் குடுக்கிற மெசின்) பக்கத்துல, சின்னப் பிள்ளை பேடில் மாட்டி, சிங்க் (துடிப்போட சேர்ந்து ஷொக் விழ வெக்கிற பட்டன்) போட்டு வெச்சிருந்தம், பிரஷர் விழுந்தா கிலோவுக்கு அரையில இருந்து ஒரு ஜூல், அதுக்கும் கேக்காட்டி ரெண்டு. சிங்க் பட்டன் போடாம அடிச்சா இருக்கிற தாளமும் குழம்பி நிலமை மோசமாகும்.

கன்சல்டன்ட் வந்து முழங்கை மடிப்பு ரெத்தக் குழாய்ல கனூலா போட்டா. ரெண்டாவது டோஸ் கிலோவுக்கு 0.2, அதாவது 2.6 மில்லி. தாய்ட்ட முன்கூட்டியே சொன்னா, "மகள், இப்ப கோடு கொஞ்ச நேரம் நேரா போகும், பயப்படாதீங்க, திரும்பி வரும்." அடிச்சம், அடிச்ச உடன கைய உயத்திப் புடிச்சம்.

சீப்புப் பல்லு நாலு, அஞ்சு, பிறகு நேர்கோடு. மூண்டு செக்கன் இருக்கும், பேப்பர்ல அளந்தா ஏழரை சென்ரிமீற்றர். அந்த ஏழரை சென்ரிமீற்றர் இன்னும் என்ட்ட போட்டோவா இருக்கு. பிறகு ஒரு துடிப்பு, இடைவெளி, இன்னொண்டு, மறுகா மொனிட்டர் 152. பிள்ளை வீரிட்டு அழுதாள், 170. நேர்ஸ் என்னப் பார்த்து, "இப்ப கூடுது டொக்டர்" எண்டா. இலக்கம் கூடுறதப் பார்த்து ஒரு வார்டே சந்தோசப்பட்டது அண்டைக்குத்தான்.

நாப்பது நிமிசத்துல பால் குடிச்சாள், வேர்க்காம. அடுத்த நாள் காலையில ஈரல் ரெண்டு சென்ரிமீற்றருக்கு வந்துட்டு.

பிறகு எடுத்த இசிஜியில பி அலைக்கும் கியூ.ஆர்.எஸ்.க்கும் இடையில உள்ள பி.ஆர். இடைவெளி குறுகி, கியூ.ஆர்.எஸ். தொடங்குற இடத்துல சின்னச் சாய்வு ஒண்டு, டெல்டா அலை. ரெண்டாவது பாலம் முன்பக்கமாயும் ஆக்கள ஏத்துது எண்டதுக்கு அடையாளம். வுல்ஃப், பார்கின்சன், வைட் எண்ட மூண்டு டொக்டர்மார் 1930ல பதினொரு நோயாளிகள வெச்சு எழுதினதால டபிள்யூ.பி.டபிள்யூ. எண்டு பேர். இந்த வகைக்கு டிகொக்சின் குடுக்கப்படாது, முக்கியப் பாலத்த மெதுவாக்கி மற்றதுல நெரிசலக் கூட்டிடும். வெராபமில் ஒரு வயசுக்குக் குறைஞ்ச எந்தக் குழந்தைக்கும் ரெத்தக் குழாய்ல ஊசியா குடுக்கப்படாது, பிரஷர் விழுந்து இதயமே நிண்ட சம்பவங்கள் இருக்கு. ரெண்டும் எங்கட எமர்ஜென்சி ட்ரொலியில இருந்த மருந்துகள்தான், அதாலதான் இத அழுத்தி எழுதுறன்.

துடிப்ப அடக்கி வெக்கிற புரோபிரனலோல் தொடங்கினம். எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) மட்டக்களப்புக்கு அனுப்பிப் பார்த்தம், இதயத்தின்ட அமைப்புல குறை ஒண்டும் இல்ல, இதயம் சுருங்குற பலம் கொஞ்சம் குறைஞ்சிருந்திச்சு, அது களைப்பு, ரெண்டு கிழமையில சரியாகிட்டு. மூண்டாம் நாள் வார்ட்லயே திரும்ப ஒருக்கா 270க்கு ஏறினாள். இந்த முறை ஐஸ் பன்ரண்டு செக்கன்ல நிப்பாட்டிச்சு. ஏன் அண்டைக்கு கேக்கல்ல இண்டைக்கு கேட்டிச்சு எண்டா, மூண்டு நாள் ஓடிக் களைச்ச இதயத்துக்கும் பத்து நிமிசம் ஓடினதுக்கும் வித்தியாசம் இருக்கும்தானே, அதுதான் என்ர ஊகம்.

வேகம் எல்லாம் எஸ்.வி.டி. இல்ல

இத வாசிச்சிட்டு எல்லாப் பிள்ளைக்கும் அடினோசின் தேடப்படாது. எங்கட பக்கம் மழை முடிஞ்சா டெங்கு. டெங்குல காச்சல் விட்ட பிறகு துடிப்பு 160, 170 எண்டு ஓடினா அது ரெத்தக் குழாய்ல இருந்து தண்ணி வெளிய கசிஞ்சு குறையுற அடையாளம், உடம்பு தன்னக் காப்பாத்த ஓடுது. அந்தத் துடிப்ப குறைக்கிறது வைத்தியமில்ல, கசிவப் பார்க்கோணும். வித்தியாசம் எப்பிடி? டெங்குப் பிள்ளையின்ட இலக்கம் செலைனுக்கு அசையும், அழுகைக்கு அசையும், நேரத்துக்கு நேரம் மாறும், கதையும் படிப்படியா வரும். எஸ்.வி.டி. சுவிச் போட்ட மாதிரி தொடங்கும், சுவிச் நூத்த மாதிரி நிக்கும்.

சுவிச் எண்ட சொல்லு என்ர இல்ல, கல்முனைப் பக்கத்துப் பொடியன் ஒருத்தன் சொன்னது. பத்து வயசு, அஞ்சாம் ஆண்டு. ஒரு வருசமா இடைக்கிட நெஞ்சு படபடப்பு. எங்க போனாலும், புலமைப்பரிசில் பரீட்சைப் பயம் எண்டு சொல்லி அனுப்பியிருக்காங்க, போற நேரமெல்லாம் இசிஜியும் நோர்மல். நோர்மலாத்தான் இருக்கும், படபடப்பு நிண்ட பிறகு எடுத்தா! பரீட்சை முடிஞ்சும் நிக்கல்ல. ஒரு நாள் கிரிக்கெட் விளையாடி இடையில நிண்டு, அப்பிடியே கொண்டு வந்தாங்க, தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சபடி. ஏன்டா நனைஞ்சிருக்காய் எண்டு கேட்டா, "இது வந்தா நான் கிணத்தடிக்குப் போய் வாளித் தண்ணிக்குள்ள முகத்த வெப்பன் சேர், மற்ற நேரம் நிக்கும், இண்டைக்கு நிக்கல்ல." ஒரு புத்தகமும் படிக்காம தன்ட நோய்க்கு தானே வைத்தியம் கண்டுபுடிச்சவன். துடிப்பு 210. பத்து மில்லி சிரிஞ்ச் ஒண்டக் குடுத்து, தண்டு அசையிற அளவுக்கு பதினஞ்சு செக்கன் ஊதச் சொல்லி, ஊதி முடிஞ்ச கையோட படுக்க வெச்சு காலத் தூக்கினம். நிண்டுட்டு. அந்த 210 ஓடக்குள்ள எடுத்த பேப்பர்தான் அவனுக்கு கொழும்புக்கு டிக்கெட். அங்க தொடை ரெத்தக் குழாயால வயர் விட்டு அந்த ஒழுங்கைய சுட்டு மூடினாங்க, இப்ப மருந்தும் இல்ல.

ஒண்டு மட்டும். ஓடி விளையாடக்குள்ள மயங்கி விழுந்த பிள்ளை, குடும்பத்துல இளம் வயசுல திடீரெண்டு செத்த ஆள் உள்ள பிள்ளை, இவங்களுக்கு கிணத்தடி வைத்தியம் செய்து பார்க்கப்படாது. நேரா ஆஸ்பத்திரி.

வீட்டுக்கு அனுப்பினது

நம்மட குழந்தைக்கு வாறன். வீட்டுக்கு அனுப்பக்குள்ள ரெண்டு விசயம் படிப்பிச்சம். முதலாவது மருந்து. நேரம் தவறப்படாது, வயிறு காலியா இருக்கக்குள்ள குடுக்கப்படாது. புரோபிரனலோல் சீனிய இறக்கும், இறங்கினத காட்டிக் குடுக்காமலும் மறைக்கும். பால் குடிக்காம சத்தியெடுத்தா அந்த டோஸ் குடுக்க முதல் போன் எடுங்க எண்டு நம்பர் எழுதிக் குடுத்தம். டோஸ் எவ்வளவு எண்டு இஞ்ச எழுத மாட்டன், கேக்காதீங்க.

ரெண்டாவது எண்ணுறது. காத பிள்ளையின்ட நெஞ்சுல வெச்சு பதினஞ்சு செக்கன், 55க்கு மேல போனா 220ஐத் தாண்டிட்டு, வெளிக்கிடுங்க, வாகனம் இல்லாட்டி 1990 அம்புலன்ஸுக்கு அடிங்க. ஆனா தாய்க்கு எண்ண வரல்ல, முப்பத தாண்டினா நாக்கு பின்னுது. எனக்கே அந்த வேகத்துல பின்னும். அப்ப அந்தப் பழைய நேர்ஸ்தான் வழி காட்டினா: எண்ணாதீங்க, பேனையால புள்ளி குத்துங்க. காதுல கேக்கிற ஒவ்வொரு அடிக்கும் தாள்ல ஒரு புள்ளி, பதினஞ்சு செக்கன் முடிஞ்ச பிறகு ஆறுதலா இருந்து புள்ளிய எண்ணுங்க. அம்மம்மா உடனே, "எனக்கு எழுத்து வராது மனே, ஆனா புள்ளி குத்த ஆரு பள்ளிக்குப் போகோணும்" எண்டு பேனைய வாங்கிட்டாங்க. தாய் போன்ல நேரம் பார்க்க, அவங்க குத்த, வார்ட்லயே மூண்டு தரம் பழகினாங்க. 36, 35, 37. நான் ஸ்டெத்தால எண்ணினதும் அதுதான்.

டபிள்யூ.பி.டபிள்யூ. குழந்தைகள்ல பெரும்பாலான ஆக்களுக்கு முதல் வருசத்துக்குள்ள இது அடங்கும், அந்த நார் வளர வளர கரண்ட் கடத்துறத விட்டுடும். அடங்கினதுல மூண்டுல ஒரு பங்கு போல, பள்ளிக்கூட வயசுல திரும்பவும் வரலாம், இதையும் தகப்பனுக்கு மறைக்காம சொன்னம். வயர் விட்டு சுடுறதெல்லாம், மருந்துக்கு அடங்கினா, பிள்ளை 15 கிலோவத் தாண்டட்டும் எண்டு பொறுக்கிற வேல. ரெண்டாம் மாச ஊசி போடலாமா எண்டு கேட்டாங்க, போடலாம், நேரத்துக்குப் போட்டாங்க, அண்டைக்கு ராத்திரி காச்சலோட 178, அம்மம்மா பயந்து போன் எடுத்து, "ஆனா அழுதா கூடுது, உறங்கினா குறையுது" எண்டு அவங்களே சொல்லி அவங்களே ஆறுதலாகி போன வெச்சிட்டாங்க. நான் ஹலோ மட்டும்தான் சொன்னன்.

நாலாம் மாசம் ஒரு விடியக்காலை. கேட்டடியில ஓட்டோ. பிள்ளை சிரிச்சிட்டு இருக்கிறாள், நிறம் நல்லா இருக்கு, கால் சூடு, பாக்கிற ஆக்கள் ஒண்டுமில்ல எண்டு திருப்பி அனுப்பிடுவாங்க. அம்மம்மா ஒண்டும் பேசல்ல, சீலை முடிச்ச அவுத்து நாலா மடிச்ச ஒரு கலண்டர் தாள எடுத்து என்ர கையில தந்தாங்க. பின்பக்கம் முழுக்க நீலப் புள்ளி, சாய்ஞ்சும் நேராவும், ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறாம. நின்ட நிலையில எண்ணினன். 71.

நாலால பெருக்கினா 284. இசிஜியில 282.

ஐஸுக்கு நிண்டுட்டு. மருந்த நிறைக்கேத்த மாதிரி கூட்டினம், அதுக்குப் பிறகு அவளுக்கு வரல்ல, ஒரு வயசுல நிப்பாட்டி இப்ப கிளினிக்குக்கு மட்டும் வாறாள். அந்தக் கலண்டர் தாள நான் இசிஜிக்குப் பக்கத்துல பெட் ஹெட் டிக்கெட்ல, அதுதான் அவளின்ட வார்ட் பதிவுல, ஒட்டி வெச்சன், மிட்வைஃப் எழுதின துண்டுக்குக் கீழ.